சிறிய விமானங்களில் மின்கம்பி பொருத்துதல்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, ராணிப்பேட்டை, அரக்கோணம், குடியாத்தம் ஊர்களிலிருந்து விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போகும் பிள்ளைகள், முப்படைகளிலிருந்து ஓய்வு பெற்று வந்த மெக்கானிக்குகள், வண்டி எலக்ட்ரீஷியன்கள் ஆகியோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு முதல் ஆறு பேர் வரை அமரும் பிஸ்டன் எஞ்சின் விமானங்களை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே வரும் அளவுகளில் பெரும்பாலானவை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி என்ற வழிகாட்டியின் 11ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை. உங்கள் விமானத்தின் தயாரிப்பாளர் கையேடு வேறு அளவு சொன்னால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு விமான வயரிங் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அப்துல்லாபுரத்தில் ஆங்கிலேயர் காலத்து ஓடுதளம் இருக்கிறது. சிறு ஊர்களுக்கு விமான சேவை கொண்டுவரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்து அதைப் புதுப்பிக்கும் வேலைகள் நடந்திருக்கின்றன. பழைய வடஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் இயங்குகிறது. கணியம்பாடி அருகே உள்ள கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. விமானத்தின் உடம்பைத் தொட்டு வேலை செய்த கைகள் இந்த மண்ணில் அதிகம். அந்தக் கைகளுக்குத் தெரிந்தது அடுத்த தலைமுறைக்குத் தமிழில் எழுத்தாகப் போய்ச் சேரவில்லை என்பதே என் கவலை.

இருபது ஆண்டுகளாக லாரி, கார் வயரிங் செய்கிறேன். விமானத்திலும் அதே 12 வோல்ட், 24 வோல்ட் பேட்டரிதானே? என்ன பெரிய வித்தியாசம்?

மின்சாரம் ஒன்றேதான். உங்கள் அனுபவம் வீண் போகாது. பழுதைத் தேடிப் பிடிக்கும் மூக்கு உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மூன்று பழக்கங்களை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்: முறுக்கி டேப் சுற்றுவது, கிடைத்த வழியில் கம்பியை இழுப்பது, ஆடும் கம்பியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது.

லாரியில் புகை வந்தால் ஆம்பூர் தாண்டி ஓரம் கட்டி, பேட்டரி கம்பியைப் பிடுங்கிவிடலாம். வானத்தில் ஓரம் கட்ட இடம் இல்லை. சிறிய விமானத்தில் ஓட்டுநர் அறையும் பயணிகள் அறையும் ஒன்றுதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் எரியும் பிளாஸ்டிக்கின் புகை நேராக விமானியின் முகத்துக்கு வரும். அடுத்து அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றும்போது அந்தத் தகர உடம்பு முழுவதும் ஓயாமல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் சும்மா கிடக்கும் கம்பி, தான் தொட்டுக்கொண்டிருக்கும் எதையும் அறுக்கும், அல்லது தானே அறுபடும்.

விமானத்தில் கம்பி கெடுவது மின்சாரத்தால் குறைவு, உராய்வால் அதிகம். இணைப்புக் கொடுப்பதில் காட்டும் அக்கறையைப் போல இரண்டு மடங்கு அக்கறையை அதைப் பிடித்துக் கட்டுவதில் காட்டச் சொல்வது இதனால்தான். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒரு பயிற்சி விமானத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் கம்பிக் கட்டைப் பிடித்திருந்த உலோகக் கிளாம்பின் உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் மெத்தை ஒரு பக்கமாக நழுவி வெளியே வந்திருந்தது. கிளாம்பின் வெறும் தகர விளிம்பு கம்பிகள் மேல் உட்கார்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகக் கட்டப்பட்டதாகவே தெரிந்தது. கண்ணாடியும் டார்ச்சும் பிடித்துப் பார்த்தபோது, விளிம்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி ஒரு கோடாகப் படிந்திருந்தது. துணியால் துடைத்ததும் வெள்ளை உறையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் வெள்ளீயம் பூசிய செம்பு மின்னியது. அந்தக் கம்பி ரேடியோவுக்குப் போவது. ரேடியோ அன்று காலை வரை நன்றாகத்தான் வேலை செய்தது.

எங்கள் ஊர் எலக்ட்ரிக்கல் கடையில் நல்ல கம்பெனி செம்பு வயர் கிடைக்கிறது. அதைப் போட்டால் என்ன?

போடக் கூடாது. வீட்டு வயரின் உறை பி.வி.சி.; அது பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. எஞ்சின் அறையில் அந்த அளவெல்லாம் தொடக்கம்தான். பி.வி.சி. எரிந்தால் அடர்ந்த, நெஞ்சை அடைக்கும் அமிலப் புகை வரும். அந்தச் சின்ன அறையில் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு யாரும் இறங்குதளம் தேட முடியாது.

இன்று சிறிய விமானங்களில் பரவலாகப் போடப்படுவது மில்-டபிள்யூ-22759/16 என்ற தரத்துக்குச் செய்த கம்பி. தரத்தின் பெயர் இப்போது ஏ.எஸ்.22759 என்று மாறியிருக்கிறது. கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் டெஃப்செல் வயர் என்பார்கள். வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள். உறை 150 டிகிரி வரை தாங்கும். 600 வோல்ட் மதிப்பு. 22, 20 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) அளவுகளில் மெல்லிய 19 இழைகள் இருக்கும். ஒற்றைக் கெட்டிக் கம்பி அதிர்வில் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து முறிந்துவிடும் என்பதால் இத்தனை இழைகள்.

வாங்கும்போது கம்பியின் உடலில் அச்சிட்டிருக்கும் தர எண்ணைப் படியுங்கள். அத்துடன் தரச் சான்றுக் காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். காகிதம் இல்லாத கம்பி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விமானத்துக்குள் போகக் கூடாது.

எந்தச் சாதனத்துக்கு எத்தனை கேஜ் கம்பி?

கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு சோதனைகள். இரண்டிலும் தேற வேண்டும்.

முதல் சோதனை, கம்பி தாங்கும் மின்னோட்டமும் அதைக் காக்கும் சர்க்கிட் பிரேக்கரும் பொருந்த வேண்டும். வழிகாட்டியின்படி 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 20 கேஜுக்கு 7.5, 18 கேஜுக்கு 10, 16 கேஜுக்கு 15, 14 கேஜுக்கு 20. இதற்கு மேல் பிரேக்கர் போட்டால், பிரேக்கர் விழுவதற்குள் கம்பி சுட்டுவிடும்.

இரண்டாவது, வோல்டேஜ் இறக்கம். 14 வோல்ட் அமைப்பில் (12 வோல்ட் பேட்டரி உள்ளது), தொடர்ந்து இயங்கும் சாதனத்துக்கு அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையக் கூடாது. அவ்வப்போது மட்டும் இயங்குவதற்கு ஒரு வோல்ட். 28 வோல்ட் அமைப்பில் (24 வோல்ட் பேட்டரி உள்ளது) இவை முறையே 1, 2 வோல்ட்.

பலரும் சறுக்குவது இந்த இரண்டாவதில். விமானத்தின் வேகத்தை அளக்க இறக்கையில் இருக்கும் பிட்டாட் குழாயின் ஹீட்டர் சுமார் 8 ஆம்பியர் இழுக்கிறது, கம்பி நீளம் 5 மீட்டர் என்று வையுங்கள். 18 கேஜ் 10 ஆம்பியர் பிரேக்கரோடு தாராளமாகப் போதும் என்று முதல் சோதனை சொல்லிவிடும். ஆனால் 18 கேஜ் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.019 ஓம் தடை தரும். 5 மீட்டருக்கு 8 ஆம்பியரில் முக்கால் வோல்ட் போய்விடும். 16 கேஜ் போட்டாலும் சுமார் 0.6 வோல்ட். 14 கேஜுக்குப் போனால்தான் 0.4 அளவுக்கு இறங்குகிறது. பல கம்பிகளை ஒரே கட்டாகக் கட்டினால் உள்ளே சூடு தங்கும், உயரத்தில் காற்று மெலிந்து குளிர்ச்சி குறையும். இவற்றுக்கான கழிவையும் வழிகாட்டியின் வரைபடங்களைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

பிரேக்கர் இருக்கிறதே, சாதனத்தை அது காப்பாற்றாதா?

பிரேக்கர் காப்பது கம்பியை. சாதனத்துக்கு அதன் உள்ளேயே தனிக் காப்பு இருக்கும், இல்லாமலும் போகும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலான சிறிய விமானங்களில் பியூஸும் இல்லை, பிரேக்கரும் இல்லை. அது எங்காவது உரசி உடம்பைத் தொட்டால் தடுத்து நிறுத்த மாஸ்டர் சுவிட்ச்சைத் தவிர எதுவும் கிடையாது. அந்தக் கேபிளுக்கு நல்ல கிளாம்பும் நல்ல வழியுமே காப்பு.

விழுந்த பிரேக்கரைத் திரும்ப அழுத்திப் பார்க்கலாமா?

பறக்கும்போது, அந்தச் சாதனம் இல்லாமல் பத்திரமாக இறங்கவே முடியாது என்ற நிலை இருந்தால் ஒழிய அழுத்தக் கூடாது. தரையில் இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அழுத்தக் கூடாது.

2007 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் சான்ஃபோர்டு நகரில் செஸ்னா 310 ரக விமானம் ஒன்று வீடுகள் மேல் விழுந்தது. முந்தைய நாள் பறந்த விமானி, வானிலை ரேடார் அணைந்து கருகல் வாடை வந்ததாகவும் பிரேக்கரை இழுத்ததும் வாடை நின்றதாகவும் குறிப்பு எழுதிவைத்திருந்தார். பழுது சரி செய்யப்படவில்லை. மறுநாள் அதே விமானம் கிளம்பியது. ரேடாரின் பிரேக்கர் மறுபடி அழுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற திசையிலேயே விசாரணை போனது. அறையில் புகை என்று விமானிகள் அறிவித்தார்கள். ஓடுதளத்தை எட்ட முடியவில்லை. விமானத்தில் இருந்த இருவரும் தரையில் இருந்த மூவரும் இறந்தார்கள்.

குறிப்பு எழுதியவர் தன் கடமையைச் செய்தார். அந்தக் குறிப்பைப் படித்து விமானத்தை நிறுத்திவைக்க வேண்டியவர்கள் நம் போன்ற தரை ஆட்கள். இழுத்த பிரேக்கருக்கு ஒரு வளையத்தை மாட்டி, மறுபடி அழுத்த முடியாதபடி செய்து, "இயக்காதே" என்று அட்டை தொங்கவிடும் பழக்கத்தை மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தர வேண்டும்.

கிளாம்ப் எத்தனை இடத்தில், எப்படிப் போட வேண்டும்?

அதிகபட்சம் 24 அங்குலத்துக்கு ஒன்று, அதாவது சுமார் 61 சென்டிமீட்டர். அது உச்ச வரம்புதான். வளைவும் நெரிசலும் இருக்கும் இடத்தில் நெருக்கமாகப் போட வேண்டும். இரண்டு கிளாம்ப்களுக்கு நடுவே கம்பிக் கட்டை விரலால் இயல்பாக அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. வீணைத் தந்தி மாதிரி விறைப்பாகவும் இழுக்கக் கூடாது. விறைத்த கம்பியின் பாரம் முழுவதும் இரு முனைகளிலும் மாட்டியிருக்கும் உலோக முனைகளான லக்குகள் மேல் விழும்.

போட வேண்டியது உள்ளே ரப்பர் மெத்தை வைத்த கிளாம்ப். எம்.எஸ்.21919 வகை என்று கேட்டால் கிடைக்கும். அளவுதான் இதில் முழு விஷயமும். பெரியதாக இருந்தால் கட்டு உள்ளே நழுவி ஓடும். சிறியதாக இருந்தால் இரண்டு காதுகளையும் சேர்த்துத் திருகும்போது ஓரத்துக் கம்பி ஒன்று காதுகளுக்கு நடுவே மாட்டி நசுங்கும். வெளியே தெரியவே தெரியாது. திருகி முடித்ததும் கட்டைப் பிடித்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், முறுக்கிப் பாருங்கள். நகரவும் கூடாது, பிதுங்கவும் கூடாது. ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிள் அந்தக் கட்டில் இருந்தால் இன்னும் மென்மையாகப் பிடிக்க வேண்டும்; அது நசுங்கினால் ரேடியோ வேலை செய்துகொண்டே கெடும்.

திருகு மேலே, கம்பிக் கட்டு கீழே தொங்கும்படி கிளாம்பை மாட்டுங்கள். அப்போது கட்டின் பாரம் வளையத்தின் அடியில் நிற்கும். பக்கவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டினால் திருகு தளர்ந்த அன்றைக்குக் கிளாம்ப் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் எதையாவது தொடும்.

வளைவு: கட்டில் இருக்கும் மிகத் தடித்த கம்பியின் வெளி விட்டத்தைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாத ஆரம் வேண்டும். கம்பி முனைகளைத் திருகி மாட்டும் முனைப் பலகைக்கு அருகே, நன்றாகப் பிடித்துக் கட்டப்பட்டிருந்தால் மட்டும் மூன்று மடங்கு போதும். கோஆக்சியலுக்கு ஆறு மடங்கு.

கேபிள் டை போட்டுக் கட்டலாமா, நூல்தான் வேண்டுமா?

கம்பிகளை ஒரே கட்டாக வைத்திருக்க டை போடலாம். ஆனால் அந்தக் கம்பிக் கட்டை விமானத்தின் உடம்போடு பிடித்து நிறுத்தும் வேலை கிளாம்புக்குத்தான். டை அறுந்து விழுந்தால் கட்டுப்பாட்டுக் கேபிள்களில் சிக்கக்கூடிய இடத்தில் டை கூடவே கூடாது. எஞ்சின் சூட்டில் சாதாரண நைலான் டை வெடித்துப் போகும். டையின் வாலைச் சாய்வாக வெட்டினால் அந்த முனை பிளேடு போல் நிற்கும். அடுத்து அங்கே கை விடுகிறவரின் மணிக்கட்டைப் போய்க் கேளுங்கள்.

என் விருப்பம் மெழுகு பூசிய தட்டை நூல்தான். விலை குறைவு, கனம் இல்லை, விளிம்பு இல்லை. கட்டைச் சுற்றி இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டு, அதன் மேல் ஒரு நேர் முடிச்சு. வேலூர்க் கோட்டை வாசலில் மல்லிகை கட்டும் அம்மாக்களின் விரலைப் பார்த்தால் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது புரியும்: பூ நழுவக் கூடாது, காம்பு நசுங்கவும் கூடாது. கிளாம்ப்களுக்கு நடுவே 12 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நடுவில் நூல்கட்டு அவசியம்.

தகட்டில் துளை போட்டுக் கம்பியை விடும்போது?

கம்பிக்கும் துளை விளிம்புக்கும் நடுவே 3/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூட இடைவெளி இல்லை என்றால் துளை விளிம்பை மூடும் காப்பு வளையமான குரோமெட் கட்டாயம். இடைவெளி அதற்கு மேல் இருந்தாலும் துளையின் நடுவில் கட்டு நிற்கும்படி பக்கத்திலேயே கிளாம்ப் வேண்டும். குரோமெட் என்பது கம்பி விளிம்பைத் தொட்டுவிட்டால் அறுபடாமல் காக்க மட்டுமே. கம்பி தினமும் அதன் மேல் சாய்ந்து கிடக்கலாம் என்று பொருளில்லை. வளையத்தை வெட்டி நுழைக்க வேண்டியிருந்தால் 45 டிகிரி சாய்வாக வெட்டி, வெட்டிய இடம் துளையின் மேல்பக்கம் வரும்படி பொருத்துங்கள்.

துளை போடுவதற்கு முன், பின்னால் இருக்கும் கம்பிக் கட்டுகளைத் துணியால் மூடுங்கள். அலுமினியச் சுருள் ஒன்று கட்டுக்குள் புகுந்தால் அதிர்வில் மெல்ல மெல்ல உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். பிறகு காற்றடித்து விரட்டலாம் என்று நினைக்காதீர்கள். காற்று அதை இன்னும் ஆழமாகத்தான் தள்ளும். வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

பெட்ரோல் குழாய் பக்கத்தில் கம்பி போகலாமா?

முடிந்தவரை 6 அங்குலம் விலகி, குழாய்க்கு மேலாகப் போக வேண்டும். கீழே போனால் கசியும் சொட்டு நேராகக் கம்பி மேல் விழும். 6 அங்குலத்துக்கு வழியே இல்லை என்றால் 2 அங்குலம் வரை வரலாம். அப்போது கம்பி எந்த நிலையிலும் குழாயை நெருங்க முடியாதபடி நெருக்கமாகக் கிளாம்ப் போட வேண்டும். எரிபொருள் குழாயையே தூணாக நினைத்து அதில் கம்பியைக் கட்டுவது குற்றத்துக்குச் சமம். எரிபொருள் விமானப் பெட்ரோலாக இருந்தாலும் வேறானாலும் இது மாறாது.

சுக்கான், இறக்கை மடல்களை இழுக்கும் கட்டுப்பாட்டுக் கேபிள்களிடமிருந்து 3 அங்குலம் தள்ளி இருங்கள். பொருத்தி முடித்ததும் ஸ்டியரிங்கையும் பெடல்களையும் இரு எல்லைகள் வரை ஆட்டி, ஒருவர் உள்ளே, ஒருவர் டார்ச்சோடு வெளியே நின்று பாருங்கள். இருக்கையையும் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.

முனையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பது உறுதிதானே? லக்கை ஏன் நசுக்கச் சொல்கிறீர்கள்?

வீட்டு ரேடியோவுக்கு ஈயம் உறுதி. இங்கே உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி, லக்குக்கு வெளியேயும் சிறிது தூரம் கம்பியைக் கட்டையாக்கிவிடுகிறது. கட்டையான பகுதி முடிந்து இழைகள் தொடங்கும் அந்த ஒரே கோட்டில் அதிர்வு முழுவதும் குவியும். சில மாதங்களில் அங்கேதான் முறியும். சில கனெக்டர்களுக்குப் பற்றவைப்புதான் முறை. அங்கே பின்னால் ஸ்லீவ் மாட்டி, கம்பியைப் பிடித்துக் கட்ட வேண்டும்.

நசுக்கும் முறையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கேஜுக்கு ஏற்ற பல் உள்ள கருவியால் உறையை உரியுங்கள். பிளேடு வேண்டாம். உரித்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இழைகளை முறுக்காமல், அவை இயல்பாகக் கிடக்கும் திசையிலேயே லக்கின் குழலுக்குள் நுழையுங்கள். மறுமுனையில் செம்பு சற்றே எட்டிப்பார்க்க வேண்டும்; உறையின் முனை உள்ளே அதன் இடத்தில் உட்கார வேண்டும். ராட்செட் கருவியை அழுத்துங்கள். முழுதாக அழுத்தும்வரை அது திறக்காது. அந்தக் கட்டாயத்துக்காகத்தான் அந்தக் கருவி. வண்டிப் பட்டறையில் வைத்திருக்கும் சாதாரணக் குறடு பாதியில் விட்டாலும் திறந்துகொள்ளும். விமான லக்கில் இரண்டு பிடிகள் உண்டு: ஒன்று செம்பைப் பிடிக்கிறது, இன்னொன்று உறையைப் பிடித்து அதிர்வைத் தாங்குகிறது.

வேலை தொடங்கும் முன் அதே கம்பி, அதே லக், அதே கருவியில் மாதிரி ஒன்று செய்து இழுத்துப் பாருங்கள். 22 கேஜ் 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். 20 கேஜ் 19 பவுண்டு. 18 கேஜ் 38 பவுண்டு, அதாவது 17 கிலோ.

ஒரு திருகில் நான்கு லக்குகளுக்கு மேல் அடுக்கக் கூடாது.

நடுவில் அறுந்த கம்பியை ஒட்டுப்போடலாமா?

முழுக் கம்பியையும் மாற்றுவதே நல்லது. முடியாதபோது, இரு கனெக்டர்களுக்கு இடையே ஒரு கம்பிக்கு ஓர் ஒட்டு மட்டும். அதற்கென்ற நசுக்கு ஒட்டும் காப்பு ஸ்லீவும் வேண்டும். ஒரே கட்டில் பல கம்பிகளுக்கு ஒட்டுத் தேவைப்பட்டால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாமல் தள்ளித் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்த கயிறு போல் புடைத்து, கிளாம்புக்குள் அடங்காது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பை எங்கே பார்த்தாலும் அவிழ்த்து எறியுங்கள்.

எர்த்?

உலோக உடம்புள்ள விமானத்தில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி அந்த உடம்பேதான். பெயின்ட்டையும் அனோடைஸ் படலத்தையும் சுரண்டி, பளிச்சென்று அலுமினியம் தெரிந்த இடத்தில் லக்கை வைத்துத் திருகி, பிறகு அந்த இடத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சுக் கொடுங்கள். உலோகப் பாகங்களை மின்சார வகையில் ஒன்றோடொன்று சேர்க்கும் உடம்பிணைப்புப் பட்டையின் தொடுபுள்ளியில் தடை 0.003 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது, மில்லி ஓம் மீட்டர் வேண்டும். வெறும் செம்பையும் அலுமினியத்தையும் நேராகச் சேர்த்தால் மழைக்காலத்தில் அலுமினியம் அரித்துப் போகும். ஃபைபர் உடம்பு என்றால் திரும்பும் கம்பியைத் தனியாகவே இழுக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலும் மழையும் வயரிங்கைக் கெடுக்குமா?

கெடுக்கும். மே மாதத்தில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலில் நிறுத்திய விமானத்தின் கண்ணாடிக்குள், டேஷ்போர்டுக்கு மேல் இருக்கும் சூடு அதைவிட வெகு அதிகம். பழைய பி.வி.சி. உறை அந்தச் சூட்டில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்து, விறைத்து, வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வருகிறது. பழைய கட்டைத் தேவையில்லாமல் அசைக்காதீர்கள். அசைத்தால் முழுவதையும் பார்த்து முடியுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கனெக்டருக்குள் போகும் கம்பி மேலிருந்து நேராக இறங்கினால் தண்ணீர் அதன் வழியே கனெக்டருக்குள் போகும். கனெக்டருக்குக் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டு, பிறகு மேலேற்றி இணைத்தால் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். கம்பிக்கு ஸ்லீவ் போட்டிருந்தால் அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் 1/8 அங்குலத் துளை போடுங்கள்.

எலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயல்வெளி ஒட்டிய கொட்டகையில் சில வாரம் நின்ற விமானத்தின் வாலுக்குள் வைக்கோல் கூடு இருக்கும். அது கம்பியைக் கடிப்பது ஒரு கேடு. அதன் சிறுநீர் அலுமினியத்தையும் இணைப்புகளையும் அரிப்பது அதைவிட மோசமான கேடு. கூட்டை எடுத்து எறிந்தால் மட்டும் போதாது. அந்தப் பகுதியின் ஒவ்வொரு கம்பியையும் பார்க்க வேண்டும்.

காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பி போகிறது. பரவாயில்லையா?

போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்து முறுக்கி விடுங்கள். பிறகு விளக்கைப் போட்டு, அணைத்து, முள் நகர்கிறதா என்று பாருங்கள்.

கம்பியால் உண்மையில் விமானங்கள் விழுந்திருக்கின்றனவா?

1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே டி.டபிள்யூ.ஏ. 800 என்ற பயணிகள் விமானம் வெடித்து 230 பேர் இறந்தார்கள். நடு எரிபொருள் தொட்டியின் ஆவி தீப்பிடித்தது. தொட்டிக்கு வெளியே நேர்ந்த ஷார்ட் சர்க்கிட், எரிபொருள் அளவு காட்டும் கம்பிகள் வழியே உயர் மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுபோயிருக்கக்கூடும் என்பதே விசாரணையின் முடிவு. 1998 செப்டம்பர் 2 அன்று சுவிஸ்ஏர் 111 கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். மேல்கூரைக்குள் கம்பியில் எழுந்த பொறி, அங்கிருந்த காப்புப் போர்வையைப் பற்றியது. இவற்றுக்குப் பிறகு, 2007இல் பெரிய பயணிகள் விமானங்களின் வயரிங்கை ஒரு தனி அமைப்பாகக் கருதும் விதிகளை அமெரிக்கா கொண்டுவந்தது. சிறிய விமானங்களுக்கு அந்த விதி நேராகப் பொருந்தாது. உரசும் கம்பி எழுப்பும் பொறி மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

என் விமானத்தில் போன் சார்ஜர் ஒன்று வைக்க வேண்டும். நானே வைத்துக்கொள்ளலாமா?

இந்தியாவில் பதிவான விமானத்தில் கூடாது. சிறியதாகத் தெரிந்தாலும் அது மாற்றம். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆவணம், எடைக் கணக்கு, மின்சுமைக் கணக்கு, உரிமம் பெற்ற பொறியாளரின் கையொப்பம் எல்லாம் வேண்டும். சிகரெட் லைட்டர் குழியில் செருகும் மலிவுச் சார்ஜர் ரேடியோவில் இரைச்சலும் கிளப்பும்.

கல்லூரியில் ட்ரோன் செய்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் உண்டா?

உங்களுக்குச் சட்டம் வேறு: ட்ரோன் விதிகள் 2021. ஆனால் அதிர்வு அங்கேயும் அதிர்வுதான். மோட்டார் கம்பிகளைக் கார்பன் ஃபைபர் சட்டத்தின் விளிம்பில் சாய்த்து விடாதீர்கள். கார்பன் கூர்மையானது, மின்சாரத்தையும் கடத்தும். பற்றவைத்த ஒவ்வோர் இணைப்புக்கும் பின்னால் கம்பியைப் பிடித்துக் கட்டுங்கள்.

பரிசோதனையில் எதைத் தேடுவது?

கையில் டார்ச், சிறு கண்ணாடி, சுத்தமான துணி. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு கம்பியை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வரை கண்ணால் போங்கள். பார்க்கச் சுலபமான இடத்தை மட்டும் பார்த்துத் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. எஞ்சினுக்கும், எஞ்சின் அறையை விமானியின் அறையிலிருந்து பிரிக்கும் ஃபயர்வால் தகட்டுக்கும் நடுவே முதலில் பாருங்கள்: எஞ்சின் ரப்பர் மெத்தைகள் மேல் ஆடுகிறது, ஃபயர்வால் ஆடுவதில்லை, நடுவே தாண்டும் கம்பிக்குத் தேவையான தொய்வு இருக்கிறதா, புகைக்குழாயிலிருந்து விலகி இருக்கிறதா? அடுத்து டேஷ்போர்டின் பின்புறம், இருக்கைத் தண்டவாளம், கதவுக் கீல், இறக்கை உடலோடு சேரும் இடம்.

சாம்பல் பொடி, கறுத்த கோடு, நிறம் மாறிய லக், நழுவிய ரப்பர், இறுகிக் காய்ந்த உறை, கம்பிக் கட்டின் மேல் எண்ணெய். எதைப் பார்த்தாலும் எழுதிவையுங்கள். துடைத்துவிட்டு எழுதாமல் போனால், அடுத்தவருக்கு அந்த அடையாளமும் கிடைக்காது.

என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்திருக்கிறாள். இந்த வேலைக்கு வர முடியுமா?

தாராளமாக வரலாம். அந்தப் பாடங்கள்தான் வேண்டும். இந்திய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பராமரிப்புப் பள்ளியில் சேர வேண்டும். சேர்வதற்கு முன் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள். மின்சாரமும் மின்னணுவும் பிடித்தால் சி.ஏ.ஆர்.-66 என்ற விதிப்படி தரும் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தில் பி2 பிரிவு. எஞ்சினும் உடம்பும் பிடித்தால் பி1. தேர்வில் மாட்யூல் 3 மின்சார அடிப்படை, மாட்யூல் 7 பராமரிப்பு முறைகள். வயரிங் பாடம் இந்த ஏழாவதில் வருகிறது. புத்தகம் வருவதற்குள் இரண்டு மீட்டர் 22 கேஜ் கம்பி, ஒரு கைப்பிடி லக், மெழுகு நூல் வாங்கிக் கொடுத்து, உரிக்கவும் நசுக்கவும் முடிச்சுப் போடவும் பழகச் சொல்லுங்கள். கை பழகிய பிள்ளைக்கு அந்தப் பாடம் சீக்கிரம் பிடிபடும்.